கப்பலைப் பற்றிக் கொஞ்சம், தெருவைப் பற்றி நிறைய

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிசம்பர் விடுமுறையில் எங்கள் குடும்பத்தின் நான்கு தலைமுறையும் கூடுகிறது. ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன், லண்டனிலிருந்தும் வருகிறார்கள். குடும்ப வரலாற்றைச் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கொள்ளுத்தாத்தாவின் எண் ஒரு பழைய சான்றிதழில் கிடைத்திருக்கிறது. அதை வைத்துக் கப்பல், ஊர், சாதி எல்லாவற்றையும் எடுத்து ஒரு மணி நேரம் பேசலாம் என்றிருக்கிறேன். சில விஷயங்களைச் சொன்னால் மனஸ்தாபம் வருமோ என்ற பயமும் இருக்கிறது. எப்படிச் செய்வது?"

ஒரு மணி நேரம் வேண்டாம். கால் மணி நேரம் போதும். மீதி நேரத்தில் நீங்கள் பேச வேண்டியதில்லை, கேட்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தவறாகப் படித்துவிட்டு மேடையில் ஏறுபவர்கள்தான் அதிகம்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை நட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் இந்தப் பகுதிக்கு, ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் வரிசையாக ஓர் எண் கொடுத்தார்கள். எண் வரிசையாகப் போவதால் அதை வைத்தே காலத்தைக் கணிக்கலாம். 1866-இல் ஆள் எடுப்பது நின்றது, 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது. முதல் கட்டத்தில் வந்தவர்கள் ஏறத்தாழ 6,400 பேர்தான். ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் எண் அதற்கு மேல் இருந்தால் அவர் 1874-க்குப் பிறகு வந்தவர். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எந்தக் குடும்பக் கூட்டத்துக்குப் போனாலும் "எங்கள் பாட்டனார் ட்ரூரோவில் வந்தார்" என்று ஒருவர் எழுந்து சொல்வார். அந்தக் கப்பலில் வந்தவர்கள் 342 பேர். நான் கேட்ட கதைகளையெல்லாம் நம்பினால் அது டர்பன் துறைமுகத்தை அடையும் முன்பே மூழ்கியிருக்க வேண்டும்.

கப்பல் பட்டியல்களை டர்பன் அரசு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் தேடும்படி செய்திருக்கிறது. எண் தெரிந்தால் வேலை எளிது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முனியம்மாக்களும் பெருமாள்களும் கோவிந்தன்களும் பக்கம் பக்கமாக வந்து நிற்பார்கள். குடும்பப் பெயரை வைத்துத் தேடுவது இன்னும் வீண். பட்டியலில் பெயர் என்று இருப்பது ஆளின் பெயரும் தந்தையின் பெயரும் மட்டுமே. கோவெண்டர், பிள்ளை, நாயுடு, மூட்லி என்று இன்று நாம் போட்டுக்கொள்வது பெரும்பாலும் பிறகு ஒட்டியது. பல வீடுகளில் குழந்தை பிறந்ததைப் பதியப் போன இடத்தில் எழுத்தர் தந்தையின் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார். அதனால்தான் உடன்பிறந்த அண்ணன் முனுசாமியாகவும் தம்பி கோவெண்டராகவும் இருக்கிறார்கள். "அவர்கள் நம் ரத்தம் இல்லை" என்று யாராவது சொல்லும் முன் இதை நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கப்பலின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. பிற்காலக் கப்பல்களுக்கு உம்சிந்தோ, உம்லாசி, பொங்கோலா என்று இந்த மண்ணின் பெயர்களையே வைத்தார்கள். "தாத்தா உம்சிந்தோவிலிருந்து வந்தவர்" என்று வீட்டில் சொல்லியிருந்தால் அது ஊரா கப்பலா என்று பார்க்க வேண்டும். ஒரே கப்பல் பலமுறை வந்து போயிருக்கிறது. எத்தனையாவது பயணம் என்ற எண்ணும் சேர்ந்தால்தான் சரியான பட்டியல் கிடைக்கும்.

அடுத்தது ஊர். பட்டியலில் ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதியிருக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது. கிராமத்தின் பெயரைச் சத்தமாக வாய்விட்டுப் படியுங்கள், பாதி புரியும். ஜில்லாவை இன்றைய வரைபடத்தோடு பொருத்தும்போது கவனம் வேண்டும். தமிழர்களில் ஏராளமானோர் வட ஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வந்தவர்கள். அன்றைய வட ஆற்காடு இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து கிடக்கிறது. அதன் வடபகுதி 1911-இல் சித்தூர் மாவட்டமாகி இன்று ஆந்திராவில் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசிய குடும்பத்தின் ஊர் ஆந்திராவில் இருப்பதும், தெலுங்கு பேசிய குடும்பத்தின் ஊர் தமிழ்நாட்டில் இருப்பதும் அதனால்தான். சாதிக்கான இடத்தில் 'மலபார்' என்று எழுதியிருந்தால் கேரளத்துக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். அன்றைய வெள்ளைக்காரர்கள் தமிழர்களைப் பொதுவாக அப்படித்தான் குறித்தார்கள்.

இவ்வளவும் உங்கள் கால் மணி நேரத்துக்கு. பட்டியலின் அந்த ஒரு வரியைப் பெரிதாக அச்சிட்டு மாட்டுங்கள். எண், பெயர், தந்தை பெயர், வயது, உயரம், உடலில் உள்ள தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது வரை இருக்கும். தழும்பைக் குறிப்பிட மறக்காதீர்கள். பிள்ளைகள் கப்பலின் பெயரை மறந்துவிடுவார்கள், "இடது புருவத்தில் தழும்பு" என்பதை மறக்கமாட்டார்கள்.

பிள்ளைகளுக்குச் சம்பளக் கணக்கையும் சொல்லுங்கள். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்களுக்கு அதில் பாதி. 1895 சட்டத்துக்குப் பிறகு வந்தவர் என்றால், ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்க விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி. 3 பவுன் என்பது 60 ஷில்லிங், அதாவது நான்கு முதல் ஆறு மாதச் சம்பளம். அந்த வரிதான் பலரை மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கச் செய்தது. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914-இல்தான் அது ஒழிந்தது. பதினாறு வயதில் உயிர் விட்ட வள்ளியம்மாவின் பெயரைத் தெரிந்த பேரப்பிள்ளைகளுக்கும் அவர் எந்தப் போராட்டத்தில் சிறை சென்றார் என்று தெரியாது. அது காந்தி நடத்திய 1913 சத்தியாக்கிரகம், அதன் கோரிக்கைகளில் இந்த வரியும் ஒன்று என்று சொன்னால் வீட்டுக் கதையும் நாட்டுக் கதையும் சேர்ந்துவிடும்.

இனி நான் முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன்.

கப்பல் பட்டியல் எங்கும் ஓடிவிடாது. இந்த டிசம்பரில் நீங்கள் பார்க்காவிட்டாலும் இன்னும் ஐம்பது வருடம் கழித்து உங்கள் பேத்தி பார்த்துக்கொள்வாள். காப்பகத்தில் இல்லாதது நீங்கள் கூடப்போகும் மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-இன் குடியிருப்புப் பகுதிச் சட்டம் வந்து, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசீன் பாரக்ஸிலிருந்தும் கிளேர்வுட்டிலிருந்தும் நம்மவர்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தின் யூனிட்டுகளில் கொண்டுவந்து இறக்கியபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. பழைய தெருவில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு இருந்தது, கிணறு எங்கே, தகரக் கொட்டகைக் கோயில் எங்கே, யார் வீட்டுத் திண்ணையில் தமிழ்ப் பள்ளி நடந்தது என்பது அவர்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. வீடு இடிக்கப்பட்டதற்கு அரசாங்கக் கோப்பு உண்டு. அந்த வீட்டில் யார் எந்த அறையில் படுத்தார்கள் என்பதற்குக் கோப்பு இல்லை.

குடும்ப வரலாறு என்றதும் எல்லோரும் 1860-க்கு ஓடுகிறார்கள். தூரத்தில் இருப்பதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. 1960-களில் நடந்தது பழசாகவும் தெரிவதில்லை, புதுசாகவும் தெரிவதில்லை. பெரியவர்களும் "அதையெல்லாம் எதற்கு இப்போது" என்பார்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் பெரும்பாலும் வலி இருக்கும், சில சமயம் வெட்கமும் இருக்கும். குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் உள்ள வீடு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, அதைச் சொல்லத் தயங்குவார்கள். இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதம் இருக்கிறது. "ஆயா, உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒலிவாங்கியை நீட்டினால், "என்னத்தைச் சொல்ல, கஷ்டப்பட்டோம்" என்பதோடு முடிந்துவிடும். பெரிய வெள்ளைத்தாளை மேசையில் விரித்துக் கரித்துண்டையோ தடித்த பேனாவையோ கொடுத்து, "நீங்கள் இருந்த தெருவை வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் வரைய ஆரம்பித்தால் போதும். "அந்த வீடு அங்கே இல்லை, அதற்கு அடுத்தது" என்று பெரியம்மா வந்து நிற்பார். சித்தப்பா மறுப்பார். இந்த வாக்குவாதத்தில் வருவதுதான் வரலாறு. உங்கள் கைப்பேசி ஒரு ஓரத்தில் பதிவு செய்துகொண்டிருக்கட்டும், பதிவு செய்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதைச் சாப்பாட்டுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணி உள்ளே போன பிறகு எழுபது வயதுக்காரர் யாரும் தெரு வரையமாட்டார். வாய் ஓயாமல் பேசும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், அவரைப் படங்களுக்குப் பெயர் எழுதும் மேசைக்குப் பொறுப்பாளராக்கிவிடுங்கள். அவருக்கும் மகிழ்ச்சி, மற்றவர்களுக்கும் நிம்மதி.

ஆண்டு கேட்டால் பெரியவர்களுக்குத் தெரியாது. நிகழ்ச்சியைக் கேளுங்கள். டர்பனின் 1949 ஜனவரிக் கலவரத்துக்கு முன்பா பின்பா, பிரிட்டிஷ் அரச குடும்பம் 1947-இல் வந்தபோது பள்ளியில் இருந்தீர்களா, ஃபீனிக்ஸ் குடியிருப்பில் வீடு கொடுக்க ஆரம்பித்த பிறகா என்று கேட்டால் ஆண்டு தானாக வரும். வெள்ளக் கதை எதுவாவது வந்தால் எந்த வெள்ளம் என்று பிரித்துப் பாருங்கள். 1917 அக்டோபர் கடைசியில் உம்கேனி ஆறு பொங்கித் தோட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். பதவதன் குடும்பத்தினர் முதலான ஆறு மீனவர்கள் படகில் போய் 176 பேரைக் காப்பாற்றினார்கள். அந்த ஆற்றங்கரையில் காய்கறி போட்ட குடும்பம் உங்களுடையது என்றால், எங்கோ ஒரு கிளையில் அந்த இரவைப் பற்றிய ஒரு வரி மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு.

மிளகாய்ச் செடிக்கடியில் தங்கம் இருக்கிறது என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள் என்ற கதை நிச்சயம் வரும். நட்டால் தமிழர்களில் அதைக் கேட்காத வீடு கிடையாது. யாராவது சொன்னால் "ஆதாரம் இருக்கிறதா" என்று கேட்டுக் கூட்டத்தைக் கெடுக்க வேண்டாம். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கதை வேறு, ஆவணம் வேறு என்று உங்கள் தாளில் இரண்டு நிற மையில் இருந்தால் போதும்.

மனஸ்தாபம் பற்றிக் கேட்டீர்கள். வரும். மூன்று இடங்களில் வரும் என்பது என் அனுபவம்.

முதலாவது சாதி. பட்டியலில் இருக்கும், அதை அழிக்காதீர்கள். ஆனால் சுவரில் மாட்டும் பிரதியில் அந்தக் கட்டத்தைச் சேர்க்காமல் விடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. எழுத்தர் கேட்டதற்கு இவர் என்ன சொன்னார் என்பது மட்டுமே அதில் இருக்கிறது, அதுவும் உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கப்பலேறும் முன் ஆட்களைத் தங்க வைத்த டிப்போவில் வேறு சாதியைச் சொல்லிக் கப்பலேறியவர்கள் உண்டு, இங்கே வந்து பட்டப்பெயரை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. கடல் தாண்டி வந்ததில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் சிலருக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆய்வுக்காகக் கேட்பவருக்குத் தனியே காட்டுங்கள். மருமகள்களும் மருமகன்களும் நிறைந்த மண்டபத்தில் ஒலிவாங்கியில் படிக்க அது அவசியமில்லை.

இரண்டாவது திருமணங்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விதியில் ஆள் ஏற்றிய காலம். இரண்டு குடும்பம், பதியாத திருமணம், வேறொருவர் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தது எல்லாம் இருந்தே தீரும். சமயச் சடங்குப்படி நடந்த நம் திருமணங்களைச் சட்டம் ஏற்கவில்லை. 1913 மார்ச்சில் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பு அதை இன்னும் மோசமாக்கியது. ஆகவே காகிதத்தில் "மனைவி" என்று இல்லாதது அந்தப் பாட்டியின் குற்றமில்லை. இருந்தாலும் இன்னொரு கிளையைப் பற்றிய செய்தியை அந்தக் கிளையின் மூத்தவரிடம் முன்பே தொலைபேசியில் சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டுத்தான் வெளியில் எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். குடும்ப மரத்தில் அந்த இடத்தைக் காலியாக விடலாம், பொய்யாக நிரப்பக் கூடாது.

மூன்றாவது, கோப்புகளில் வரும் குற்றங்கள். ஒப்பந்தக் கூலிகளுக்குப் பொறுப்பாக இருந்த குடியேறியோர் பாதுகாவலர் அலுவலகத்தின் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே தேடினால் உங்கள் முன்னோர் சிறை சென்றதாக வரலாம். பதறாதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனதே அன்று குற்றம். வேலைக்கு வராமல் இருந்ததற்கும் தண்டனை உண்டு. அதே கோப்பில் அடி தாங்காமல் அவர் கொடுத்த புகார் இருந்தாலும் இருக்கும். அதை நீங்கள் தைரியமாகப் படிக்கலாம்.

பெண்கள் பக்கத்தைத் தனியாகத் தேடச் சொல்வேன். நம் குடும்ப மரங்களில் பாட்டன், அவர் மகன், அவர் மகன் என்று போகும், மனைவிகள் கிளையின் ஓரத்தில் ஒரு பெயராக நிற்பார்கள். ஆனால் கப்பல் பட்டியலில் அவளுக்கும் தனி எண் உண்டு, தந்தை பெயர் உண்டு, ஊர் உண்டு. கைக்குழந்தையோடு தனியாகக் கப்பலேறிய பெண்கள் பலர். உங்களிடம் இருப்பது கொள்ளுத்தாத்தாவின் எண் மட்டும்தானே. தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள், பெற்றோர் இருவரின் எண்ணும் அதில் இருக்க வாய்ப்பு உண்டு. கொள்ளுப்பாட்டி வேறு கப்பலில், வேறு வருடத்தில், வேறு ஜில்லாவிலிருந்து வந்தவராக இருக்கலாம். அப்படியானால் உங்கள் குடும்பத்துக்கு ஊர் ஒன்றல்ல, குறைந்தது இரண்டு.

திரும்பிப் போனவர்களை மறந்துவிடாதீர்கள். 1914 சட்டத்திலும் 1927 கேப் டவுன் உடன்படிக்கையிலும் இந்தியாவுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்குச் சலுகை கொடுத்து அனுப்பினார்கள். "ஒரு பெரியப்பா ஊருக்குப் போனார், அப்புறம் கடிதம் இல்லை" என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரை எழுதி வையுங்கள். சென்னைக்குத் திரும்பிய பலர் சொந்த ஊரில் இடம் கிடைக்காமல் நகரத்திலேயே தங்கித் தவித்தார்கள். இந்தியாவில் உறவைத் தேடுவதாக இருந்தால், 1880-இல் பிரிந்த கிராமத்தைவிட 1930-இல் திரும்பியவரின் வாரிசுகளைக் கண்டுபிடிக்கும் சாத்தியம் அதிகம்.

எந்த மொழியில் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் உறவுப் பெயர்களை ஆங்கிலமாக்காதீர்கள். எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி என்றாகிவிட்டால் மாமன் யார், சித்தப்பன் யார், யார் யாரைக் கட்டலாம் என்ற கணக்கு தொலைந்துவிடும். குடும்ப மரத்தில் அத்தை, பெரியம்மா, மச்சான் என்று தமிழ் எழுத்திலும், அருகே ஆங்கில எழுத்தில் படிக்கும்படியும் எழுதிவிடுங்கள். பெரியவர்கள் தெரு வரையும்போது ஏதாவது தமிழ் வார்த்தையை இடையில் போட்டால் அதை மொழிபெயர்க்கச் சொல்லி நிறுத்தாதீர்கள், பதிவில் இருக்கட்டும்.

பதிவுகளை அன்று இரவே குறைந்தது மூன்று வீடுகளில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள், அதில் ஒன்று வெளிநாட்டு வீடாக இருக்கட்டும். வரைந்த தெருப் படங்களைச் சுருட்டி வைக்காமல், மண்டபத்தை விட்டுப் போவதற்கு முன்பே நேராகப் படம் பிடித்து, வரைந்தவர் பெயரையும் தேதியையும் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள். உடல்நலக் குறைவால் டிசம்பருக்கு வர முடியாத பெரியவர் யாராவது இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள்.